வேண்டா இல்லாத ஜாம்பூரி

இந்த வருஷம் நடக்கப்போகிற சாரணர் பெருமுகாமான ஜாம்பூரியில் தன் மனைவியின் நிழல்கூடப் படக்கூடாது என்று செங்கல்பட்டு உலகநாதன் தீர்மானம் செய்தார். பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது செய்த தீர்மானம்தான். ஆனாலும் உறுதியானது. வாய் நிறைய நுரையோடு, கண்ணாடியில் தெரிந்த உருவத்துக்கு ஒரு சாரணர் சல்யூட்டும் வைத்துக்கொண்டார்.

மனைவியின் பெயர் வேண்டா. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் கடைசியாக வந்தவள். 'இனிமே பொண்ணு வேண்டாம்' என்று கடவுளுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெயரை வைத்தார்கள். வைத்தவர்களே பிற்காலத்தில் எடுத்ததற்கெல்லாம் 'வேண்டாவைக் கூப்பிடு' என்றார்கள். இந்தப் பெயரால் உலகநாதனுக்குத் தனியாக ஒரு கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து அவரால் எதையுமே மறுக்க முடிந்ததில்லை. 'வேண்டாம்' என்று வாயைத் திறந்தால் போதும், 'கூப்டீங்களா?' என்று அவள் வந்து நிற்பாள்.

உலகநாதன் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கழுத்தில் ஸ்கார்ஃப், வாயில் விசில்; பாலாறு சாரணர் குழுவின் ஆசிரியர் ஆகிவிடுவார். மகள் திவ்யாவும் அதே குழுவில் சாரணியர் பிரிவில் இருந்தாள்.

தீர்மானத்துக்குக் காரணம் போன வருஷம் நடந்த சின்ன முகாம். அன்றைக்கு மழை. டென்ட் ஒழுகியது. பையன்கள் சோற்றில் தண்ணீர். மகளுக்கு ஸ்வெட்டர் கொடுக்க வந்த வேண்டா, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரரிடம் பேசி, எல்லாரையும் உள்ளே தூங்கவைத்து, சூடாக உப்புமாவும் போட்டுவிட்டாள். நன்றியுரையில், "வேண்டாக்காவுக்கு நன்றி! அப்பால, அவங்க வூட்டுக்காரருக்கும் நன்றி!" என்றார்கள். குழுவின் ஆசிரியர், 'அப்பால' என்ற சொல்லுக்கு அப்பால் போய்விட்டார். அது அவருக்கு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த முறை நடப்பது சின்ன முகாமில்லை. பல மாவட்டத்துப் பிள்ளைகள் கூடுகிற மண்டல ஜாம்பூரி. சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோரச் சவுக்குத்தோப்பில். ஏற்பாட்டுக் கூட்டம் கேளம்பாக்கத்தில், முகாம் தலைவர் அப்துல் அஹதின் ஹார்டுவேர் கடை மாடியில் நடந்தது. உள்ளூர்க் குழுக்கள் ஆளுக்கொரு வேலையைப் பிய்த்துக்கொண்டன. மறைமலைநகர்க்காரர்கள் தண்ணீர் லாரி. கேளம்பாக்கத்துக்காரர்கள் முதலுதவி. கழிப்பறைக் குழி என்ற பேச்சு வந்ததும் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"அண்ணாத்த, உங்க குழுவுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார் அப்துல் அஹத்.

"கேம்ப் ஃபயர்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. தீயைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடுவில் மைக்கோடு நின்று நிகழ்ச்சியை நடத்துவது. உலகநாதனின் கனவு அது.

"எடுத்துக்கோங்க. கூடவே ஒரு துணை முகாமும் உங்க பொறுப்பு. மலைக் கிராமத்துப் புள்ளைங்க, கடலையே பாத்ததில்லையாம். சமையலுக்கு ஆள் பேசிட்டோம். ஆமா, வேண்டாக்கா வர்றாங்கல்ல?"

"அவளா? முட்டி வலி பாய். எழுந்து நடக்கவே முடியல."

"நேத்து மார்க்கெட்டுல பூசணிக்காய தூக்கினு போனாங்கன்னு எங்க வூட்டு சைதூன் சொன்னாளே?"

"அந்தப் பூசணிக்காதான் பாய் காரணம்!"

கூட்டம் முடிந்து, பஸ் பிடித்து, ஜன்னல் காற்றில் அடுத்த பொய்யைத் தயாரித்துக்கொண்டே வீடு வந்தார்.

"வேண்டா, ஒரு வருத்தமான விஷயம். இந்தத் தடவ லேடீஸ் வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க."

"சட்டமா?"

"சட்டம்."

"அப்ப திவ்யா?"

"அவ கேர்ள்ஸு. லேடீஸ் இல்ல."

"சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வை அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சொன்ன முதல் 'சரிங்க' அது. ஆனால் ஜெயித்தவனுக்குக் காது கேட்காது.

மறுநாள் காலையில் காபி வரவில்லை. எட்டிப் பார்த்தால் வேண்டா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கால் ஸ்டூல் மேல் இருக்கிறது.

"இன்னா ஆச்சு?"

"முட்டிங்க. திடீர்னு புடிச்சிகிச்சு. இன்னான்னே தெரில. யாரோ வாய் வச்சா மாதிரி கீது."

உலகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் நாக்கு கருநாக்கா? சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்றார். "நாள்பட தானா சரியாப்பூடும். காபி மட்டும் போட்டுக் குடுங்க" என்றாள் வேண்டா.

காபியில் ஆரம்பித்தது. காலையில் இட்லி, மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு, சாயங்காலம் குழம்பு. பாவம் செய்தவன் பரிகாரம் செய்வதுபோல் அவர் செய்தார். வேண்டா நாற்காலியை விட்டு நகரவில்லை. வாய்தான் சமையலறைக்குள் நடமாடியது.

"பருப்பு நல்லா குழையட்டும்… புளிய இப்ப ஊத்தாதீங்க, காய் வேவாது… அய்ய, பெருங்காயத்த அப்பிடியா போடுவாங்க? சாம்பார் வக்கிறீங்களா, சுவருக்கு சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?"

முதல் சாம்பாரைத் திவ்யா முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ஊறுகாயா?" என்றாள். போகப்போகச் சாம்பார் சாம்பார் ஆனது. அடுத்து, "பக்கத்து வூட்டு சியாமளாவுக்கும் சேத்து வைங்க, பாவம், மாமியார் வந்துகீறாங்க" என்றாள் வேண்டா. அதற்கப்புறம் வேண்டாவின் மகளிர் குழுக் கூட்டம் அவர் வீட்டிலேயே நடந்தது. வந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு.

"இவ்ளோ பேருக்கு எப்பிடி வேண்டா?"

"அதே கைதாங்க. வூட்டுக்குக் கரண்டில போட்டத சொம்புல போடுங்க. உப்ப மட்டும் கடைசில பாத்துப் போடுங்க."

சாப்பிட்ட பெண்கள் போகும்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உலகநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தெம்பில் துணியும் துவைத்தார். மகளிர் குழுவுக்கென்று புதிதாக எடுத்த நீலப் புடவை ஒன்றைக் கசங்காமல் இஸ்திரியும் போட்டார். கரண்டியையே மைக்காகப் பிடித்து, கேம்ப் ஃபயரில் சொல்லப்போகிற சிரிப்புத் துணுக்குகளை நாற்காலிக்கு முன்னால் தினமும் ஒத்திகை பார்த்தார். வேண்டா கொட்டாவி விடாமல் கேட்டாள். நோயாளி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஜாம்பூரி நாள் வந்தது. உலகநாதன் பையன்களோடு முதல் ஆளாகத் தோப்பில் இறங்கினார். கடற்கரை மணலில் முளைக்குச்சி நிற்கவில்லை. அடித்தால் உள்ளே போனது, இழுத்தால் வெளியே வந்தது. பையன்கள் சாக்கில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் சவுக்கு மரங்களுக்கு நடுவே துணியில் ஒரு ஊரே முளைத்துவிட்டது.

மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் பஸ் வந்து நின்றது. விடியுமுன் கிளம்பிய பிள்ளைகள். இறங்கியதும் பசியை மறந்து கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் உலகநாதனின் சட்டையைப் பிடித்து, "சார், இத்த ராத்திரில மூடிடுவாங்களா?" என்று கேட்டாள். "மூட மாட்டாங்க கண்ணு, எப்பவும் தொறந்துதான் இருக்கும்" என்றார் அவர். அடுத்த கேள்வியும் உடனே வந்தது. "சோறு எப்ப சார்?"

அப்போது அப்துல் அஹத் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அண்ணாத்த, பேஜாரு. உங்க துணை முகாமுக்குப் பேசின சமையல்காரர் வரல. பாத்திரமும் சாமானும் வந்துகீது, ஆள் இல்ல."

உலகநாதன் அடுப்பைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். இந்த நேரத்தில் எந்தப் பெயர் வாயில் வரக்கூடாதோ அதுதான் வந்தது. "வேண்டா…"

"கூப்டீங்களா?"

அப்போதுதான் வந்து நின்ற வேனிலிருந்து குதித்து இறங்கினாள் வேண்டா. குதித்து! நீலப் புடவை, கழுத்தில் ஸ்கார்ஃப், விசில். அவர் கையால் இஸ்திரி போட்ட புடவை அது. கொஞ்சமும் கசங்கவில்லை. பின்னாலேயே அப்துல் அஹதின் மனைவி சைதூனும் மகளிர் குழுப் பெண்களும் இறங்கினார்கள்.

"முட்டி…?" என்றார் உலகநாதன்.

"கடக்காத்து பட்டுதா, போயே போச்சுங்க."

"லேடீஸ் வரக்கூடாதுன்னு சட்டம்…"

"சட்டமா?" சைதூனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னாண்ணே இது, பொண்ணுங்க வர்ற முகாமுக்குப் பெரிய பொம்பளைங்க இல்லாம எப்பிடி? சாரணியர் பக்கம் முழுக்க எங்க வூட்டுக்காரர் அக்கா பொறுப்புல குடுத்துட்டாருல்ல! அன்னிக்கிக் கூட்டத்துல நீங்க முட்டி வலின்னு சொன்னீங்களாமே. மனசு கேக்காம உடனே அக்காவுக்குப் போன் பண்ணேன். நீங்க பஸ்ஸு ஏறிகூட இருக்க மாட்டீங்க."

உலகநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் ஜன்னலோரம் பொய் தயாரித்துக்கொண்டிருந்தபோதே, முந்தின பொய் வீடு போய்ச் சேர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெட்கப்பட நேரமில்லை. "புள்ளைங்க பசியா கீதுங்க. அடுப்பப் பத்த வைங்க" என்றாள் வேண்டா.

"நானா? நீ வைக்க மாட்டியா?"

"எனக்குப் பொண்ணுங்க டென்ட்டப் பாக்கணும். காய் நறுக்க இவங்க கீறாங்க. அதே கைதாங்க."

உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்ட நினைத்து, பேன்ட் போட்டிருப்பது ஞாபகம் வந்து, சட்டைக் கையை மட்டும் மடித்துக்கொண்டார். மகளிர் குழுப் பெண்கள் நறுக்க, பையன்கள் விறகு கொடுக்க, பருப்பு குழைந்தது. புளியை நேரம் பார்த்து ஊற்றினார். உப்பைக் கடைசியில் போட்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்டு, மூன்றாம் முறையும் தட்டை நீட்டினார்கள். கடல் மூடுமா என்று கேட்ட சின்னப் பெண், "சார், நாளைக்கும் நீங்கதான?" என்றாள். உலகநாதன் தலையாட்டினார். பரிமாறிக்கொண்டே இருந்ததில் சாயங்காலம் ஆனதே தெரியவில்லை.

திடீரென்று தோப்பின் அந்தப் பக்கமிருந்து சிரிப்பு அலையடித்தது. கேம்ப் ஃபயர்! கையில் கரண்டியோடு ஓடினார். தீயின் வெளிச்சத்தில், மைக்கோடு நின்றுகொண்டிருந்தாள் வேண்டா. சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் அவருடைய துணுக்குகள். அவர் சொன்னபோது நாற்காலிகூடச் சிரிக்கவில்லை. இவள் சொல்ல, ஊரே உருண்டது.

கோபப்படலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேண்டா மைக்கை இறுக்கிப் பிடித்தாள். "இந்த ஜோக்குங்க ஒண்ணுகூட என்னுது இல்ல. எல்லாம் எங்க வூட்டுக்காரர் சொன்னது. இன்னிக்கி மலைப் புள்ளைங்க சாப்ட்ட சாம்பாரும் அவர் கைதான். இத்தினி பேர் பசிய ஒரு மனுசன் ஆத்தினு கீறாரு. அதோ, கரண்டியோட நிக்கிறாரு பாருங்க!"

மலைப் பிள்ளைகள்தான் முதலில் எழுந்தார்கள். பிறகு மொத்தத் தோப்பும் எழுந்தது. தாளம் போட்டுத் தட்டிய கைதட்டல் கடல் சத்தத்தை முழுங்கிவிட்டது. அதில் 'அப்பால'வே இல்லை. உலகநாதனுக்குச் சல்யூட் வைக்கத் தோன்றி, கரண்டியோடேயே வைத்துவிட்டார்.

இருவரும் தனியாக நின்றபோது, "நன்றி, வேண்டா" என்றார்.

"நன்றி வேண்டாமா?"

"இல்லடி. உனக்குத்தான். மனசாரச் சொல்றேன்."

அவள் ஸ்கார்ஃப் முனையால் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துவிட்டாள். 

ஜாம்பூரி முடிகிறவரைக்கும் துணை முகாமின் அடுப்பு அவர் கையில்தான் இருந்தது. மலைப் பிள்ளைகள் கிளம்பும்போது வண்டியிலிருந்து கையசைத்த கை ஓயவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு திரும்பும் பஸ்ஸில், தூங்கும் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நிறைந்த மனசோடு சொன்னார் உலகநாதன்:

"எல்லாத்துக்கும் அந்தச் சமையல்காரருக்குத்தான் வேண்டா நான் நன்றி சொல்லணும். நல்ல வேள, மனுசன் வராம போனாரு."

"அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்?" என்றாள் வேண்டா, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி. "வரேன் வரேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு, உங்க சாம்பார எங்க குழுல ருசி பாத்த அன்னிக்கே நான்தான் போன் போட்டு நிறுத்திட்டேன்."