தோராயத்தின் சேஃப்டி

போன் வந்த நேரத்தில் இரும்பு அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஒரு காதில் போனையும் மறு காதில் விரலையும் வைத்துக்கொண்டு கத்தினார்.

"கேக்கல! சத்தமா சொல்லுங்க!"

"லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்து பேசுறேன். மேடம் மூணு மணிக்கு வர்றாங்க. உங்க சேஃப்டி..." மிஷின் கீச்சென்று அலறியது. "...நேர்ல பாக்கணுமாம். அது திருப்தியா இருந்தா நாப்பது ரூமுக்கும் வேல உங்களுக்குத்தான்."

நாற்பது அறை! ஆறு மாதமாக ஜன்னல் கம்பிக்கு மேல் எதையும் கண்டிராத பட்டறை. இதுவும் கைநழுவினால் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த தெருப் பெரிய பட்டறையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அந்தப் பட்டறை முதலாளி ஏற்கெனவே பல்லைக் காட்டிக்கொண்டு ஒருமுறை கூப்பிட்டும் விட்டான்.

"என்னவாம் மாமா?" மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான் மச்சினன். நாற்பது வயது, அதில் பாதி இந்தப் பட்டறையில் கழிந்தது.

"நம்ம மிஷின் சேஃப்டியப் பாக்க வர்றாங்களாம் மாப்ள."

இருவரும் மிஷினைப் பார்த்தார்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். பட்டறைக்காரருக்கு மடி கிழிகிற அளவுக்குக் கனம். சுற்றுகிற வீலுக்கு மேல் மூடி இல்லை. பைப்பை இறுக்கும் திருகுக்குக் கைப்பிடிக் கம்பி இல்லை. அதனால் மச்சினன் பைப்பைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டுதான் அறுப்பான். டேப்பைத் தொடாமலே, "ஒரு தோராயமா வெட்டு மாப்ள" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்குத் தோராயம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"பயப்படாத. எல்லா சாமானும் நம்மகிட்டயே இருக்கு. வீட்டுக்குள்ள வேற வேல பாத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

வீடும் பட்டறையும் ஒன்றுதான். வாசலில் நுழைந்தால் இடது கைப்பக்கம் பட்டறை, வலது கைப்பக்கம் சமையலறை.

முதலில் மிஷினோடு வந்த கையேடு. அது சமையலறை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் இருந்தது. மேசையும் தோராயம் செய்ததுதான்.

"என்னங்க, உருவாதீங்க, சாயும்!" என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

"நாப்பது ரூம்டி!"

உருவினார். மேசை சாய்ந்தது. வெங்காயம் திசைக்கொன்றாக உருண்டது. பொறுக்கக் குனிந்தவளின் முகத்திலிருந்து, மிஷினோடு வந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டார். இரண்டு வருடமாக அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் நறுக்குகிறாள்.

"அதையாவது விடுங்க! இன்னும் ரெண்டு கிலோ கெடக்கு!"

"அழுதுக்கிட்டே வெட்டு. கண்ணுக்கு நல்லது."

மச்சினன் கையேட்டை எழுத்துக் கூட்டி வாசித்தான். "வீலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும். பொறி பறக்கும் பக்கம் தீப்பற்றும் பொருள் இருக்கக் கூடாது. அறுக்கும் பைப்பைக் காலால் மிதிக்கக் கூடாது." நிமிர்ந்தான். "மாமா, எனக்குன்னே எழுதியிருக்கான்."

பழைய வீலைத் தட்டிப் பார்த்தார்கள். ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தது. கழற்றிப் போட்டுவிட்டுப் புது வீல் மாட்டினார்கள். பொறி பறக்கும் பக்கம் இருந்த பெட்ரோல் கேன் தெருவுக்குப் போனது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் ஈரத்தோடு கட்டிலுக்குப் போயின.

"அடுத்து மூடி," என்றார் தோராயம்.

மூடி, வாசலோரத் தண்ணீர்க் குழாயின் உடைந்த இணைப்புக்கு மேல் கவிழ்த்துக் கட்டியிருந்தது. கம்பிக்கட்டை அவிழ்த்ததும் தண்ணீர் மச்சினன் முகத்தில் பீய்ச்சி அடித்தது. துணியைச் சுற்றினார்கள், தண்ணீர் வேறு பக்கம் பாய்ந்தது. மெயின் வால்வைத் தேடி அடைப்பதற்குள் வாசல் மண் சேறாகிவிட்டது.

"ஒயரெல்லாம் மேல ஆணியில மாட்டு. தண்ணி பட்டா மேடம் வர்றதுக்கு முன்னாடி நாம போய்டுவோம்," என்றார் தோராயம். பட்டறை ஒரு படி உயரம், நல்ல வேளை.

மணி இரண்டே முக்கால். கைப்பிடிக் கம்பி மட்டும்தான் பாக்கி. அது வாசல் கம்பிக் கதவின் மேல் கீலுக்குள் ஆணியாக இருந்தது. போன வருடம் கீல் ஆணி உடைந்தபோது, 'ரெண்டு நாளைக்கு' என்று சொருகியது.

"மாமா, அதை எடுத்தா..."

"ஒரு அரை மணி நேரந்தான் மாப்ள. கீழ் கீல் தாங்கும், தோராயமா."

தாங்கவில்லை. கதவு தடாலென்று விழுந்ததில் எதிர்வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தார். கதவு கிடந்த இடம் சரியாகச் சேற்றுக்கு மேல்.

தோராயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு யோசனை பளிச்சென்றது. "அப்படியே கெடக்கட்டும்! மேடம் சேத்துல வழுக்காம அது மேல நடந்து வருவாங்க. அதுவும் சேஃப்டிதான?"

பழைய கோணிகளை அதன் மேல் விரித்தார்கள்.

சரியாக மூன்று மணிக்கு மேடம் வந்தார். கூடவே இரண்டு உதவியாளர்கள், மூன்று பேரும் நல்ல தாட்டியான உடம்பு. கோணி மேல் ஏறி உள்ளே வரப் பார்த்தார்கள்.

"அங்கயே நில்லுங்க மேடம்! பொறி பறக்கும், அதுதான் பாதுகாப்பான தூரம்."

மேடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். தோராயம் விடவில்லை. கண்ணாடி மாட்டினார். தோளில் கிடந்த டவலை எறிந்தார். பைப்பை வைத்துக் கைப்பிடியால் இறுக்கினார், ஆட்டிக் காட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக டேப் வைத்து அளந்தார், இரண்டு தடவை. வீலுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று, அது முழு வேகம் எடுக்கும்வரை காத்திருந்து, அவசரமில்லாமல் இறக்கினார். பொறி மூடிக்குள்ளேயே அடங்கிப் பின்னால் போனது. பைப் பிசிறில்லாமல் அறுந்தது. வீல் நிற்கும்வரை கை நீட்டவில்லை. மேடம் ஒவ்வொரு தடவை வாயெடுத்தபோதும் அவர் இன்னொரு பைப்பை எடுத்தார்.

ஐந்தாவது பைப்பும் முடிந்து வீல் நின்றதும் மேடம் முந்திக்கொண்டார்.

"ரொம்பக் கவனமாத்தான் பண்றீங்க. சந்தோஷம். ஆனா மணி மூணரை. அந்த சேஃப்டி டோரை எப்பக் காட்டுவீங்க?"

"எந்த... டோர் மேடம்?"

"உங்க வாசல்ல நீங்களே செஞ்சு மாட்டுன கம்பிக் கதவுங்க. யானை முட்டுனாலும் வளையாதுன்னு தெருவே சொல்லுது. அதைப் பாத்துட்டு, புடிச்சிருந்தா நாப்பது ரூமுக்கும் அதே மாதிரி சொல்லலாம்னுதான் வந்தோம். போன்ல சொன்னாங்கல்ல?"

மச்சினன் கையேட்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோராயம் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்திருக்கலாம். நாற்பது அறையும் அவர் கண்முன்னே ஒவ்வொன்றாக விளக்கணைத்துக்கொண்டிருந்தன.

சமையலறை வாசலிலிருந்து மனைவி வந்தாள். வெங்காயக் கண்ணீர் கன்னத்தில் ஓட, முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். குனிந்து, மூவரின் காலடியில் கிடந்த கோணியின் ஓரத்தை விலக்கிக் காட்டினாள்.

"மூணு பேரும் அரை மணி நேரமா அது மேலதான் நின்னுக்கிட்டு இருக்கீங்க மேடம். ஒரு கம்பியாவது வளைஞ்சிருக்கா, நீங்களே பாருங்க!"