பச்சை ஜீப்புக்கு மஞ்சள் பலகை

பாணேர், புனே
18.11.2003

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஷ்ரேயஸுக்கு மாமனார் பட்டாபிராமன் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் சரசாவும் பகவான் கிருபையில் சௌக்கியம். அமெரிக்காவில் தாங்களும் அம்முவும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம். தாங்கள் ஒப்படைத்துப் போன ஃபிளாட் சௌக்கியம். பால்கனித் துளசி சௌக்கியம். ஜீப்பும் ஓடுகிறது.

தங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அம்முதான் உரக்கப் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மு, மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிட்ட பிறகு படி. நடுவில் அவர் முகம் மாறினால் நிறுத்திவிட்டு மோர் கொடு.

டிசம்பர் இருபதாம் தேதி லீவில் வந்து இறங்கியதும் பழைய சிநேகிதர்களோடு ஜீப்பில் மலையேறப் போவதாகத் தாங்கள் போனில் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. சொல்லாமல் மறைக்க எனக்குத் தெரியாது, போனில் சொல்ல வாய் வரவில்லை, ஆகையால் எழுதிவிடுகிறேன். தங்களுடைய கரும்பச்சை ஜீப் இப்போது கரும்பச்சையாக இல்லை. அது சொந்த உபயோக வண்டி என்றும் சர்க்கார் இனி ஒப்புக்கொள்ளாது. அது டாக்சி. மஞ்சள் நம்பர் பலகை, டூரிஸ்ட் பர்மிட், வருஷா வருஷம் வரி, எல்லாம் விதிப்படி. அம்மு, இங்கே மோர் கொடு.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்றால், "பேட்டரி செத்துவிடும், வாரம் ஒரு தடவை வண்டியை வெளியே எடுங்கள்" என்று தாங்கள் சொல்லிப் போனீர்கள் அல்லவா, அந்த வார்த்தையைத் தட்டக் கூடாது என்று ஞாயிறுதோறும் எடுத்தேன். சும்மா சுற்றி வருவானேன், அஷ்ட விநாயகர் கோயில்களில் ஒவ்வொன்றாகப் போகலாம் என்று சரசா சொன்னாள், காலி சீட்டு எதற்கு என்று கீழ் வீட்டு மகாதேவனையும் அவர் மனைவியையும் மனைவியின் இரண்டு தங்கைகளையும் ஏற்றிக்கொண்டோம். மோர்காவ் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜெஜூரிக்கு இந்தப் பக்கம் டிராபிக் ஹவல்தார் கை காட்டினார். நான் பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதித்து, எப்படியோ நிறுத்தி, லைசென்சை நீட்டினேன். வண்டியில் யார் யார் என்று கேட்டார். எல்லாரும் நம் வீட்டு மனுஷர்கள்தான் என்று ஹிந்தியில் சொல்லி வாய் மூடவில்லை, பின்சீட்டிலிருந்து மகாதேவன் மனைவி வெற்றிலை பாக்கோடு பதினொரு ரூபாயை என் கையில் வைத்து, "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்கோ, வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடும், அப்பறம் தட்சிணை குடுக்கப்டாது. ஓசியில ஸ்வாமி பார்த்தா புண்ணியம் பூரா வண்டிக்காராளுக்குப் போயிடும். எட்டுக் கோயில் புண்ணியத்தையும் நீங்களே சுருட்டிண்டா நாங்க என்ன பண்றது?" என்றாள். அவளைப் பார்த்துத் தங்கைகளும் ஆளுக்கு ஒரு வெற்றிலை பாக்கு. என் கையில் லைசென்ஸ், மூன்று ஜோடி வெற்றிலை, முப்பத்து மூன்று ரூபாய்.

"காகா, ஹே காய்?" இது என்ன என்று ஹவல்தார் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், மகாதேவன் மனைவியைப் பார்த்தார், சிரித்துவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

வேறொருவன் என்றால் இத்தோடு தலை தப்பியது என்று வீட்டுக்கு வந்து காபி குடித்திருப்பான். நான் முப்பத்து நான்கு வருஷம் ராணுவக் கணக்கு இலாகாவில் ஆடிட்டில் இருந்தவன். ஊரார் பிரயாணப் படியில் எல்லாம் ஆட்சேபணை எழுதினவன். சொந்த வண்டியில் ஆள் ஏற்றிக் காசு வாங்கியாகிவிட்டது, மாப்பிள்ளை பெயரில் உள்ள வண்டி, நாளைக்கு விசா புதுப்பிக்கிற இடத்தில் இதைக் கேட்டால் என் குழந்தையின் கதி என்ன என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆகையால், "மத சம்பிரதாயப்படி பிரயாணி வற்புறுத்தித் தந்த பதினொரு ரூபாய் வாடகையா, தட்சிணையா, எந்த விதியின் கீழ் வரும்?" என்று கேட்டு மூன்று பிரதி எழுதிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானாகவே போனேன். அங்கே இருந்த குமாஸ்தா படித்துவிட்டு இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேசாமல் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். நான்கு நடை நடந்த பிறகு, காசுக்கு ஆள் ஏற்ற விரும்பினால் வண்டியை வாடகை வண்டியாக மாற்றிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த 'விரும்பினால்' என்கிற சொல்லை நான் கவனிக்கவில்லை. சர்க்கார் காகிதத்தில் வந்துவிட்டால் எனக்கு அது உத்தரவு.

அதற்குப் பிறகு நடந்ததற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் ஏஜெண்ட் பத்ரிநாத்தான் சாட்சி. நம்மூர்க்காரர்தான், ஆனால் பாதி ஹிந்தியில் பேசுவார். "சார், பிலகுல் டென்ஷன் வேண்டாம். போர்டு பீலா, மஞ்சளா ஆயிட்டா அப்பறம் மாமி கத்தையா குடுத்தாலும் எவனும் கேக்க மாட்டான்" என்றார். தாங்கள் எனக்கு எழுதிக் கொடுத்துப் போன பவர் பத்திரத்தில் வண்டியும் இருந்ததால் கையெழுத்துக்குத் தடை இல்லை. தடை இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பர்மிட்டுக்கு வண்டியை வெள்ளையடித்து நடுவில் ஐந்து சென்டிமீட்டர் நீலப் பட்டை போட வேண்டும் என்று விதி. கசார்வாடி பெயிண்டர் நாலரைதான் போட்டிருந்தான், ஸ்கேல் வைத்து அளந்து திரும்பப் போடச் சொன்னேன். பிட்னஸ் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக் காட்டுங்கள் என்றார். எதைப் போடுவது? கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கிறதே, ஒன்பது மாதமாக அதில் சரசாவின் கைப்பையைத்தான் மாட்டி வந்தோம். அவர் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியை இழுத்து, என்னையும் வைத்துக்கொண்டு மண்மேட்டில் ஏற்றி இறக்கினார். எட்டுப் பிள்ளையார் பெயரையும் நான் உரக்கச் சொன்னேன். வண்டி பாஸ்.

டாக்சி ஓட்ட பேட்ஜ் வேண்டும் என்று அறுபத்திரண்டு வயதில் டாக்டரிடம் கண் காட்டி, போலீஸ் விசாரணைக்கு உட்கார்ந்து, காக்கிச் சட்டையும் தைத்தாயிற்று. சரசா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "பொண்ணு அமெரிக்கால, அப்பா டாக்சில. நாளைக்கு சம்பந்தி வந்து கேட்டா நான் எந்த முகத்தோட காபி குடுப்பேன்?" என்றாள். குடியிருப்பு செக்ரட்டரி வந்து வாடகை வண்டியை காம்பவுண்டுக்குள் நிறுத்தக் கூடாது, ரூல் என்றார். ரூல் என்ற பிறகு நான் என்ன பேச முடியும்? தங்கள் ஜீப் இப்போது கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிற்கிறது. காக்கைக்குப் பயந்து சரசாவின் பழைய ஒன்பது கஜத்தைப் போர்த்தியிருக்கிறோம். ஞாயிறுதோறும் தாங்கள் மெழுகு தேய்த்துத் துடைத்த வண்டி. உள்ளே ஒருவரும் முறுக்குத் தின்னக் கூடாது என்பீர்களே. 

மாப்பிள்ளை, என்மேல் கோபப்படுங்கள். குழந்தையை ஒன்றும் சொல்லாதீர்கள், அவளுக்கு எதுவும் தெரியாது. பர்மிட்டைச் சரண்டர் செய்து, பச்சையடித்து, பழையபடி சொந்த வண்டியாக மாற்ற பத்ரிநாத்திடம் இன்றே மனுவைக் கேட்டிருக்கிறேன். தாங்கள் வருவதற்குள் வண்டி தங்கள் வண்டியாக நிற்கும். இது என் வாக்கு. இனி உயிர் உள்ளவரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்.

தங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் உண்டாக வேண்டும். நல்ல புத்தியை எனக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். சரசா அம்முவுக்கு ஆசி சொல்லச் சொன்னாள். என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதும் இதிலிருந்து தெரியவரும்.

இப்படிக்கு,
பயத்துடனும் பிரியத்துடனும்,
பட்டாபிராமன்

பின்குறிப்பு: அம்மு, இதை உரக்கப் படிக்காதே. கவரை ஒட்டும் நேரத்தில் பத்ரிநாத் மனுவோடு வந்தார். பேனாவைத் திறந்தேன், காலிங் பெல் அடித்தது. மகாதேவன், பின்னால் ஆகுர்டியிலிருந்து இரண்டு குடும்பம். மார்கழி முழுக்க வண்டி வேண்டுமாம். "மாமா, நீங்க ஓட்டினாத்தான் எங்களுக்கு பயம் இல்லை" என்றார்கள். என்னைப் பார்த்து! ரிட்டயரானதிலிருந்து என்னை ஒருவரும் எதற்கும் கூப்பிட்டதில்லை, அம்மு. பேனாவை மூடிவிட்டேன். பொங்கல் வரை வண்டி புக்காகிவிட்டது. இருபதாம் தேதி ஒரு கோஷ்டியைப் பாலி பிள்ளையாருக்கு அழைத்துப் போகிறேன், பம்பாய் ஏர்போர்ட்டுக்கு வந்து உங்களையும் ஏற்றிக்கொள்ள அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். காக்கிச் சட்டையில் நிற்பேன், மாப்பிள்ளையிடம் முன்னாடியே பக்குவமாகச் சொல்லிவை. பின்சீட்டில் இரண்டு இடம் போட்டு வைத்திருக்கிறேன், முறுக்கு தின்னலாம். வெற்றிலை பாக்கு நானே வாங்கிவிடுவேன், தலைக்குப் பதினொரு ரூபாய் மட்டும் மாப்பிள்ளையைச் சில்லறையாக எடுத்து வரச் சொல், டாலர் வேண்டாம். அவர் வண்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓசியில் ஏற்றினால் அவர் புண்ணியமும் எனக்கு வந்துவிடும், அது விதிப்படி தவறு.