தூங்குமூஞ்சி என்றதை வாபஸ் வாங்குகிறேன்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. இங்கே என் பித்தப்பையைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும், குடல்வாலைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளோடும், நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கடுப்பாவீர்கள். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று நேற்று போனேனா, மயக்க மருந்து டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார். தூங்க ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து. அந்த மூன்றாவதைப் போட்டால்தான் தொண்டையில் குழாய் சுலபமாக இறங்குமாம், வயிறும் விறைக்காமல் சர்ஜனுக்கு இடம் கொடுக்குமாம். மூச்சு விடும் தசையும் சேர்ந்தே படுத்துவிடும், அதனால் மெஷின்தான் நமக்காக மூச்சு விடும். "மெஷின் மறந்துட்டா?" என்றேன். "அதுக்கு வேற வேலை இல்ல, எனக்கும் இல்ல, பக்கத்துலயேதான் இருப்பேன்" என்றார். அப்புறம், "வீட்ல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கண்ணன் சரியான தூங்குமூஞ்சி டாக்டர், குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு நாலு மணி நேரம் கண்ணையே திறக்கல" என்று, என் பெண் கல்யாணத்தில் மைக்கில் சொன்ன அதே ஜோக்கை எடுத்துவிட்டேன். நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனீர்களே, அந்த ஜோக். அந்தம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தசை மருந்துகளில் ஒன்று சாதாரணமாகப் பத்து நிமிஷத்தில் கரைந்துவிடுமாம். சில குடும்பத்து ரத்தத்தில் அதைக் கரைக்கிற சரக்கு குறைவாம், அவர்களுக்கு மணிக்கணக்காகுமாம். "அவர் முழிச்சே இருந்திருக்கலாம். இமையைத் தூக்கக்கூட முடியாம கிடந்திருப்பார்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது அண்ணா. 'எல்லாம் கேட்டுச்சுடா, கண்ணைத்தான் திறக்க முடியல'ன்னு நீங்க அன்னிக்கே தலையில அடிச்சுக்காத குறையா சொன்னீங்க. கட்டில் பக்கத்துல நின்னு 'ஆபீஸுக்கு மட்டம் போட நடிக்கிறாரு'ன்னு சொன்னது நான்தான். அதுவும் கேட்டிருக்குமே! முப்பது வருஷமா கேலி வேற. மன்னிச்சிடுங்கண்ணா. என் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க, உங்க ரத்தத்தையும் பாக்கணுமாம். கோபத்தை ஓரமா வெச்சிட்டு ஒரு நடை வாங்க. அதே மைக்கைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரன் பேத்திகளுக்கு, வலிக்காத வயிற்றுக்காரர்களாக வளர என் ஆசி.

இப்படிக்கு,
வாய் மட்டும் தளராத தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடத் தேவையில்லை. என் மனைவி நேற்றே உங்களுக்குப் போன் போட்டுவிட்டாளாம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, இப்போது எங்கள் கூடத்துச் சோபாவில் கண்ணை மூடிக் கிடக்கிறீர்கள். கடிதத்தை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அசையவில்லை. தூங்குகிறீர்கள் என்று சொல்ல இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். "மைக் மட்டும் வேண்டாம்டா" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.