மாமாவுக்குப் பதிலாகப் பறந்த கதை

மாமனாரைச் சந்தோஷப்படுத்தியே தீருவேன் என்று கிளம்புகிற மாப்பிள்ளைகளை வீட்டிலுள்ளவர்கள் கையைக் காலைக் கட்டியாவது உட்கார வைத்துவிட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். என்னை அன்றைக்கு யாரும் கட்டிப்போடவில்லை.

ஷார்ஜாவில் ஒரு அலுமினியக் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. என் மனைவி கவிதாவின் அப்பா திருச்சியிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். மாமா விமானப்படையில் இருபது வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்து பேசவே மாட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். ("வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா? சரி, பாத்துப் போங்க." இவ்வளவுதான்.) அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் ஃபிளாட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் இறங்கும் விமானங்கள் தெரியும். மாமா தினமும் அங்கேதான் நிற்பார். ஒரு நாள் பேச்சுக் கொடுக்கலாமே என்று, "நீங்க ரிப்பேர் பாத்த பிளேன்ல எல்லாம் போயிருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஏத்தி அனுப்பியிருக்கேன். ஏறிப் போனதில்ல" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு மனசு கேட்கவில்லை. நெட்டில் தேடினேன். பாலைவனத்துக்கு நடுவே ஒரு சின்ன விமானத் திடல். அந்தக் காலத்து ராணுவப் பயிற்சி விமானம் ஒன்றை வைத்திருந்தார்கள். பணம் கட்டினால் பைலட்டுக்குப் பின்சீட்டில் உட்கார வைத்து இருபது நிமிடம் மேலே சுற்றிக் காட்டுவார்களாம். படத்தைக் காட்டியதும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். "நம்ம வண்டி" என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். அவர் ஊர் திரும்ப இரண்டே நாள்தான் இருந்தது. உடனே புக் பண்ணிவிட்டேன்.

சனிக்கிழமை காலை. "வெறும் வயித்தோட யாராவது பிளேன்ல ஏறுவாங்களா?" என்று கவிதா பொங்கலும் வடையும் செய்து எல்லார் வயிற்றையும் நிரப்பினாள். மாமா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளை, எனக்கு பி.பி.க்கு ஒரு தண்ணி மாத்திரை குடுத்திருக்காங்க. போட்டா அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போகணும். அந்த பிளேன்ல பாத்ரூம் கிடையாது. எனக்குத்தான் தெரியுமே."

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என்னிடம் ஒரு சொந்த விஷயம் சொல்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எம்.டி. படித்தவன் தோரணையில், "ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது மாமா. இறங்கி வந்து போட்டுக்கலாம்" என்றேன். (நான் படித்தது பி.காம். அதிலும் ஒரு அரியர் இருந்தது.)

உள்ளேயிருந்து கவிதா, "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தாள்.

"போட்டாச்சு" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

திடலில் மஞ்சள் பெயின்ட் அடித்து நின்றது அந்த விமானம். மாமா அதைச் சுற்றி வந்து இறக்கையின் அடிப்பக்கம் தடவிப் பார்த்தார். அவர் நடையே மாறிப்போயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மாமாவை உள்ளே கூப்பிட்டு பி.பி. பார்த்தார்கள். எகிறிக் கிடந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி மூன்று முறை பார்த்தார்கள். அது இறங்குவதாக இல்லை. பைலட் ஒரு வயதான தென்னாப்பிரிக்கர். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு மேலே கூட்டிப்போக முடியாது என்று வருத்தமாகச் சொன்னார்.

"நிஜமாவே மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள் கவிதா.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மறந்துட்டேன்மா" என்றார்.

கவிதா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். நான்தான் சொன்னேன் என்று அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது, வேறு யாராவது போகலாம் என்றார்கள். "மாப்பிள்ளை போகட்டும்" என்றார் மாமா. மாலில் கண்ணாடி லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். ஆனால் எந்த முகத்தோடு முடியாது என்று சொல்வது?

மாமாவே இறக்கை மேல் ஏறி வந்து எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். "தரையை விட்டதும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறுமாம். உள்ள இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்னு பைலட்டுங்க சொல்வாங்க. கேட்டு வந்து சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

அங்கே மெக்கானிக் ஷாஜி என்று ஒரு மலையாளி. ஹெட்போன் வயரில் தொங்கிய சின்னப் பெட்டியைக் காட்டி, "சாரே, இந்த பட்டன் மட்டும் தொடாதீங்க. அமுக்கினா நீங்க பேசறது கீழ ஸ்பீக்கர்ல கேக்கும்" என்றாராம். நான் பலமாகத் தலையாட்டினேன். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. சமயபுரத்தாளிடம் மொட்டைக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

மேலே போனதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் இருந்தது. பொங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பொங்கல் இல்லை, தொண்டைக்கு வந்திருந்தது. கைக்கு ஏதோ அகப்பட்டது, உயிரைப் பிடிப்பது போல அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது அந்தப் பட்டன் பெட்டி.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற கவிதாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

"ஐயோ மாமா! மாமா! மாத்திரை வேணாம்னு சொன்னது நான்தான் மாமா! இனிமே யாருக்கும் வைத்தியம் சொல்ல மாட்டேன் மாமா! கவிதாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா!"

அதற்கப்புறம் கேட்ட சத்தங்களை எழுத்தில் எழுத முடியாது.

இறங்கியதும் என் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்தது மாமாதான். இறக்கை மேல் மண்டி போட்டு ஒவ்வொரு பெல்ட்டாக அவிழ்த்தார். கீழே கவிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"விடும்மா, பாவம்" என்றார் மாமா. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, ஷாஜியிடம் பக்கெட்டும் துணியும் கேட்டார். ஷாஜி எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. எழுபத்தோரு வயது மனிதர் அந்தப் பின்சீட்டுப் பொந்துக்குள் குனிந்து, என் பொங்கலை முந்திரி முந்திரியாக எடுத்துத் துடைத்தார். நான் அந்த மணலிலேயே புதைந்துவிடலாமா என்று பார்த்தேன். ஷாஜி மட்டும் அவர் துடைப்பதையே கவனித்தார். வயர் போகிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஷாஜி போய் பைலட்டிடம் ஏதோ சொன்னார்.

பைலட் வந்து மாமாவைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். பறக்க முடியாது, ஆனால் ஓடுபாதையின் அந்த முனை வரைக்கும் தரையில் ஓட்டிப்போய்த் திரும்பலாம் என்றார். மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விமானம் மெதுவாக உருண்டு போய், ரொம்ப தூரத்தில் புள்ளியாகத் திரும்பி வந்தது. கவிதா அழுதாள். என்னோடு சண்டையில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

இறங்கியவரிடம், "மன்னிச்சிடுங்க மாமா. உங்களைப் பறக்க விடாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

"அது கிடக்கட்டும். சத்தம் மாறிச்சா?"

"நான் போட்ட சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா."

மாமா சிரித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து கவிதாவே பார்த்ததில்லையாம்.

இப்போது திருச்சியில் எந்த விசேஷம் என்றாலும் வாயே திறக்காத மாமா இந்தக் கதைக்கு மட்டும் திறந்துவிடுகிறார். ஒவ்வொரு முறையும் விமானம் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போகிறது. மாப்பிள்ளை பயந்துட்டாரா என்று யாராவது கேட்டால், "பயந்தா எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவாங்க. இவர் என்னைக் கூப்பிட்டார்" என்பார்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. கரண்ட் போனாலும், கரப்பான் பூச்சி வந்தாலும், நான் படியில் இடறினாலும், "ஐயோ மாமா! மாமா!" என்று என் குரலில் கத்துவார்கள். எந்த அறையில் இருந்தாலும் அங்கிருந்தே மாமா பதில் கொடுப்பார்:

"இருங்க மாப்பிள்ளை, இதோ வந்துட்டேன்."