கியர்பாக்ஸ் ஏற்று படலம்

எறும்பின் காலடி ஓசையையும் கேட்டருளும் இறைவனை முதலில் வணங்கி, சிறியோர் பிழையைப் பெரியோர் பொறுப்பார்கள் என்னும் துணிவை அடுத்துப் பற்றிக்கொண்டு, இழைப்புளியே வாளாகவும் காதிடுக்குப் பென்சிலே வேலாகவும் தலைமயிரில் படிந்த மரத்தூளே மணிமுடியாகவும் விளங்கிய தச்சரின் வெற்றியைச் சொல்லப் புகுகின்றோம். ஆடும் மேசைகளின் ஆட்டம் அடக்கிய வீரர்! திறவாக் கதவுகளைத் திறப்பித்த வள்ளல்! கட்டில் கால் நான்கையும் ஒரே உயரத்தில் நிற்கச் செய்த நீதிமான்! அவர் வாழ்க, அவர் உளி மழுங்காதிருக்க, அவருடைய பழைய பிக்கப் வண்டி இனியாவது ஓடுக.

அவ்வண்டி பல கைகள் மாறி, பலருடைய வசவுகளையும் வாங்கிச் சுமந்துகொண்டே அவரிடம் வந்து சேர்ந்தது. வந்த அன்று அவருடைய மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரை ஒரு முறை காலால் தட்டினார். "ஓட்டறதுக்கு வாங்கினீங்களா மாப்பிள்ளை, இல்ல தள்றதுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்தச் சொல் தச்சரின் நெஞ்சில் சிலாம்பு போலத் தைத்தது. எடுக்கவும் வரவில்லை, விடவும் முடியவில்லை. வண்டியோ மாமனாரின் வாக்கை மெய்ப்பிக்கவே பிறந்தது போல, முதலில் மூன்றாம் கியரைத் துறந்தது; பின்பு நான்காம் கியரைத் துறந்தது; சில நாள் முதல் கியரில் முனகிச் சென்று, ரிவர்ஸ் கியரில் நாணித் திரும்பியது.

இந்நிலையில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். இனித் தாழ்வான கட்டிலில் படுத்தால் எழுந்திருக்க முடியாது, உயரமான கட்டில் வேண்டும் என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில், வார்டில் இருந்த அத்தனை நோயாளிகளும் தலை தூக்கிப் பார்க்கும்படி நம் தலைவர் முழங்கினார்.

"மாமா! கட்டில் என் கையால வரும். என் வண்டியிலதான் வரும். நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வந்து நிக்கும்!"

கட்டில் ஆயிற்று. பிடித்து எழ இருபுறமும் கைப்பிடி, கை வழுக்காதிருக்க அதில் மெல்லிய வரி, எல்லாம் ஆயிற்று. வார்னிஷ் காய்ந்த அன்றே கியர்பாக்ஸ் முழுமையாக மௌன விரதம் பூண்டது. மாமனார் வீடு திரும்பவோ ஒரு நாள்தான் இருந்தது. மெக்கானிக்கோ தம் மகளின் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். "வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சா போதாதாங்க?" என்று மனைவி கேட்டாள். சபதத்தை வாடகை வண்டியில் ஏற்றுவதா! உடைந்த வண்டிகள் குவிந்து கிடக்கும் கிடங்கிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த பழைய கியர்பாக்ஸைத் தச்சர் திரும்பிப் பார்த்தார். அது மரப்பட்டறையின் மூலையில், குகையில் உறங்கும் கரடி போல எண்ணெய் கசிந்து கிடந்தது.

துணைப்படையாக வந்தவர் மைத்துனர். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். வாழ்நாளில் ஸ்பானரைத் தொட்டவரல்லர். தம் தந்தைக்கான காரியம் என்பதால் விடுப்பெடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போர்க்களம் புகுந்தார். கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் மாத்திரை உறைகளில் போட்டு, "மேலே", "கீழே", "உணவுக்குப் பின்" என்று எழுதி வரிசையாக வைத்தார். உணவுக்குப் பின் கழற்றியவை அவை.

"இது என்ன மச்சான், வண்டிக்குக் காய்ச்சலா?"

"அப்புறம் எந்த போல்ட் எதுன்னு நீங்க என்னைத்தான் கேப்பீங்க அத்தான்."

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை உயர்த்திக் கனத்த மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, அதன் வயிற்றின் கீழ் இருவரும் மல்லாந்து புகுந்த காட்சியை எவ்வாறு உரைப்போம்! துரு மழை பொழிந்தது. கியர் எண்ணெய் கருநிற அருவியாகி மைத்துனரின் சட்டைப்பையில் இறங்கியது. ஆயினும் வண்டியின் பழுதான கியர்பாக்ஸ், பல்லாண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரரைப் போல நாலு முறை முரண்டு பிடித்து, கடைசியில் ஜாக்கியின் மீது மெல்ல அமர்ந்து வெளியே வந்தது.

வந்ததும் வந்தது, தேய்ந்த கிளச் பிளேட்டையும் மாற்றிவிடுவோம் என்றார் தச்சர். அந்த வட்டத் தட்டை எஞ்சினின் முகப்பில், அதன் மூடிக்குள் மையத்தில் நிறுத்தி முடுக்க வேண்டும். நடுத்துளையில் ஒரு கோலைச் செருகிக்கொண்டு முடுக்கி, பின் அதை உருவிவிடுவது வழக்கம். அந்தக் கோல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நம் தலைவர் வாங்குவாரா? காலையிலேயே நல்ல வைரம் பாய்ந்த கட்டையொன்றைக் கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசிக் கறுப்பேற்றி, மனைவியின் கையில் கொடுத்து, "தடவிப் பாரு, வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று காட்டியிருந்தார். பிடித்து இழுக்க அதற்கு ஒரு கைப்பிடி வைத்திருக்கலாம். கைப்பிடி அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டார். கோல் துளைக்குள் முழுவதும் சென்று, துளையோடு துளையாய், கருமையோடு கருமையாய் ஒன்றி நின்றது. கண்டு அவரே சொக்கிப்போனார். தட்டு மையத்தில் நின்றது, மூடி முடுக்கப்பட்டது, வேலை பிசகவில்லை.

பின்பு தொடங்கியது பெரும்போர். புதிதாக வந்த பழைய கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் ஏறிற்று. எஞ்சினை நோக்கி நகர்ந்தது. நான்கு விரற்கடை தூரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்! தள்ளினார்கள், அசையவில்லை. அசைத்துத் தள்ளினார்கள், முனகியது. தச்சர் தோள்கொடுத்தார், முழங்கால் கொடுத்தார், தலையையும் கொடுத்தார். காதலர் இருவரை ஊரே கூடிப் பிரித்து வைத்தாற்போல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அந்த நான்கு விரற்கடை வெளிச்சம் சிரித்துக்கொண்டே இருந்தது. வெயில் சாயத் தொடங்கியது. தச்சருக்கு வீரம் குறையக் குறைய வாய் வளர்ந்தது. கிடங்குக்காரன் வேறு வண்டியின் கியர்பாக்ஸைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். ஜாக்கி கோணல் என்றார். கடைசியில் அருகில் கிடந்தவர் மேல் பாய்ந்தார்.

"ஒழுங்கா தூக்கினாத்தானே மச்சான் போகும்? மாத்திரை எண்ற கை எதுக்கு உதவும்? உங்கப்பாவுக்குத்தானே நான் இப்படிக் கிடந்து சாகறேன்!"

மைத்துனர் எண்ணெய் நாறும் அந்த இருட்டில் கைகளை இன்னும் சற்று உயர்த்தி, இன்னும் சற்று அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

அவ்வேளை அந்த வீட்டரசி தேநீர்க் குவளைகளோடு வந்து, குனிந்து, நான்கு கால்களைப் பார்த்து, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்:

"என்னங்க, காலையில வெண்ணெய் மாதிரின்னு காட்டினீங்களே, அந்தக் கட்டை எங்க? வேலை முடிஞ்சா குடுங்க, சப்பாத்தி தேய்க்க ஆகும்."

வண்டியின் கீழே உலகம் நின்றது. துருவும் உதிர மறந்தது. கோல் எங்கே என்பது தச்சருக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்குள் இருந்தது. உருவ மறந்த அந்த அருமைக் கோல்தான் இவ்வளவு நேரமாகக் கியர்பாக்ஸை வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருந்தது. மைத்துனருக்கும் தெரிந்துவிட்டது. அவர் கையில் அப்போது உலகின் கூர்மையான ஆயுதம் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், அன்றைய வசவுகள் அத்தனைக்கும் வட்டியோடு வசூலாகியிருக்கும்.

"அது என்கிட்டதான்க்கா இருந்துச்சு" என்றார் மைத்துனர். "நான்தான் உள்ளேயே விட்டுட்டேன்."

அது பொய்தான். ஆனால் மானம் போக நின்ற ஒருவன் முகத்தை மூடிக்கொள்ளக் கொடுத்த கைக்குட்டை போன்ற பொய். அதைக் கேட்ட இறைவனும் அன்று கொஞ்சம் வேறு பக்கம் பார்த்திருப்பான் என்றே நம்புகிறோம்.

"உன்கிட்ட எதைக் குடுத்தாலும் இப்படித்தான்டா!" என்றாள் அக்காள்.

இந்நூலின் மிகப் பெரிய போர் இங்கேதான் நடந்தது. களம், தச்சரின் தொண்டை. ஒருபுறம் சபதமும் புகழும் மாமனாரின் பழைய சொல்லும் அணிவகுத்து நின்றன. மறுபுறம் எதிர்த்து நின்றது எண்ணெயில் ஊறிய ஒரு சட்டை. நெடுநேரம் விழுங்கிய பின் தச்சர் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினார்.

"இல்லம்மா. விட்டது நான்தான். அவன் சும்மா சொல்றான்."

"தெரியுமே" என்றாள் அவள். "பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவான். வெளிய வந்து அவன் மூக்கைப் பாருங்க."

பார்த்தார். மைத்துனரின் மூக்கு நுனியில் புத்தம் புதிய கறுப்புக் கை அடையாளம் பளபளத்தது. மூவரும் சிரித்த சிரிப்பில் தேநீர் தரையில் சிந்தியது.

பின்பு கியர்பாக்ஸ் இறங்கியது. தச்சர் அந்தக் கோலின் தலையில் மரத்திருகாணி ஒன்றை ஏற்றிச் சீசா அடைப்பானைப் போல இழுத்தெடுத்தார். கியர்பாக்ஸ் மீண்டும் ஏறியது. நான்கு விரற்கடையும் மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, "டக்" என்ற ஓசையோடு இல்லாமற்போயிற்று. எந்த போல்ட் எங்கே என்று தச்சர் கேட்க, மைத்துனர் மாத்திரை உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். "உணவுக்குப் பின்" என்று தச்சரே பணிவோடு வாசித்தார்.

மறுநாள் முற்பகல், ஐந்து கியர்களும் ஐந்து படைத்தலைவர்களாய்ப் பணிந்து பின்தொடர, வார்னிஷ் மின்னும் கட்டிலை முதுகில் ஏந்தி, ஒருவரும் தள்ளாமலே அவ்வண்டி மாமனார் வாசலை அடைந்தது. நண்பகலில் மருத்துவமனையிலிருந்து வந்தவரை அக்கட்டிலில் கிடத்தினார்கள். வரி போட்ட கைப்பிடியை அவர் கை தானே தேடிப் பிடித்துக்கொண்டது. சபதம் சொன்ன வாயால் வெற்றியும் சொல்ல, நான்கு விரற்கடைப் போரையும் மைத்துனரின் மூக்கையும் விடாமல் விரித்துரைக்க, நம் தலைவர் தொண்டையைச் செருமிக் கட்டிலருகே நிமிர்ந்து நின்றார். சாட்சி சொல்ல மைத்துனர் பக்கத்தில் நின்றார். வாசலில் வண்டியும் செவி சாய்த்து நின்றது.

மாமனார் தூங்கிப்போயிருந்தார்.