பூவராக சாமி உறிஞ்சிய மருந்து

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருவுக்குப் புதிதாக ஒரு சாமி வந்து சேர்ந்தார். கோயிலில் இருக்கும் சாமிகள் யார் வயிற்றிலும் குழல் வைத்து உறிஞ்சுவதில்லை. பூவராக சாமி உறிஞ்சினார்.

பூவராகவன் என்ற பெயரோடு தென்னேரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர், நகரத்துக்குள் நுழையும்போது 'சாமி' ஆகியிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு பித்தளைக் குழல். மூலதனம் அவ்வளவுதான். யாரோ ஆகாதவர்கள் சோற்றில் கலந்து கொடுத்த இடுமருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குகிறது என்பார். குழலின் ஒரு முனையை நோயாளியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் கன்னம் குழிய உறிஞ்சுவார். பிறகு வாழையிலையில் துப்புவார். கறுப்பாக, மயிர் சுற்றிய ஓர் உருண்டை விழும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தட்சணை கொடுக்கக் காசில்லாதவர்கள் பித்தளைப் பாத்திரம் கொடுத்தார்கள். சாமிக்குப் பித்தளையிலும் வெறுப்பில்லை.

காலையில் தொடங்கும் கூட்டம் உச்சிவெயிலிலும் கலையாது. ஐயம்பேட்டையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் அர்ச்சனைத் தட்டு குறைந்துவிட்டதாக ஒரு குருக்கள் வருத்தப்பட்டார். தொழில் போட்டி என்று வந்துவிட்டால் கடவுளுக்கும் கஷ்டம்தான்.

இத்தனை வயிறுகளில் மருந்து எப்படி வந்தது? அந்த ஆண்டு பட்டுச் சேலை வாங்க ஆள் குறைந்துபோனது. முதலாளிகள் நெசவுக் கூலியைக் குறைத்தார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்கள் ஒரு வேளைக்கு வந்தார்கள். பெண்களுக்குத் தலைசுற்றல், கால்வீக்கம். ஈரம் கசியும் தறிக்குழியில் கால்விட்டு உட்காரும் ஆண்களுக்கு இருமல். ஆனி மாதத்தில் தெருவே திரண்டுபோய் முதலாளி கலியாணசுந்தரத்திடம் கூலியைக் கூட்டிக் கேட்டது.

அவர் இரக்கமுள்ளவர். முகத்தைப் பார்த்தாலே கண் கலங்கிவிடுவார். கையைத்தான் மடியிலிருந்து எடுக்கமாட்டார்.

"கூலி குடுத்தா மட்டும் ஒடம்பு தேறிடுமா? உங்களுக்குள்ளயே ஒருத்தருக்கு ஒருத்தர் மருந்து வெச்சிக்கினு கெடக்கறீங்க. மொதல்ல அத்த எடுப்போம். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்பா" என்றார்.

அப்படித்தான் பூவராக சாமியை அவரே வரவழைத்தார். தன் வீட்டுப் பின்கட்டில் தங்க வைத்தார். தினமும் சொம்பு சொம்பாகப் பசும்பால் கொடுத்தார். தர்மம் என்றால் அதுதான் தர்மம்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருந்த முதலாளிகள் தெருவில் ஒருவர் வயிற்றிலும் இடுமருந்து அகப்படவில்லை. சோறு நிறைய இருக்கும் வீட்டில் மருந்து கலக்க ஆளில்லை. சோறே இல்லாத வீட்டில்தான் யாரோ தேடிப் பிடித்துக் கலந்தார்கள்.

அந்தத் தெருவில் ராமலிங்கம் என்ற நெசவாளியின் மனைவி கமலவேணி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடக்கமாட்டாமல் இருந்தாள். ராமலிங்கம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லை. பால், பருப்பு, கீரை, வயிறு நிறையச் சோறு. கொஞ்ச காலம் வேலை செய்யக்கூடாது."

"மருந்து ஏதாச்சும் குடுங்க சார்" என்றான் ராமலிங்கம்.

"இதுதான் மருந்து."

ராமலிங்கம் அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தான். கசப்பாக ஒரு குப்பி கொடுத்திருந்தால் எப்படியாவது வாங்கிக் குடிக்க வைத்திருப்பான். பாலும் பருப்பும் அவன் கைக்கு எட்டாத மருந்துகள்.

அந்த நாட்களில் கமலவேணியை உயிரோடு வைத்திருந்தது ஆஸ்பத்திரியும் இல்லை, சாமியும் இல்லை. அடுத்த வீட்டு அங்கம்மாள். கணவனை இழந்தவள். பெரிய வீடுகளில் நெல் குத்தி, கூலியாக நொய்யரிசி வாங்கி வருவாள். அதில் கஞ்சி காய்ச்சி, பாதியைக் கமலவேணிக்குக் கொண்டுவந்து வைப்பாள். "குடிச்சுட்டுப் பாத்திரத்த அனுப்பு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பூவராக சாமி ஒருநாள் தெருவில் வரும்போது, வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கமலவேணியைப் பார்த்தார்.

"கஞ்சியிலே கலந்து கொடுத்திருக்கிறாள். தாலி இழந்தவள் கை" என்றார்.

தெரு முழுக்க ஒரே வாசலைத் திரும்பிப் பார்த்தது. சாமிக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தார்கள். சாமி முதலாளி வீட்டுப் பின்கட்டில் தங்கியிருக்கிறார், அங்கம்மாள் அதே பின்கட்டில்தான் நெல் குத்துகிறாள், வேலைக்காரிகள் ஊர்க் கதையெல்லாம் அங்கேதான் பேசுகிறார்கள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் பொதுக்கிணற்றில் அங்கம்மாளை வாளி போட விடவில்லை. பெரிய வீடுகள் அவளை நெல் குத்த வரவேண்டாம் என்றன. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கஞ்சி நின்றது. கமலவேணி படுத்த படுக்கையானாள்.

"மருந்து தலைக்கேறிடுச்சு. சாமி வாக்கு பொய்க்குமா?" என்றாள் எதிர்வீட்டு நீலாம்பாள். கஞ்சி நின்றுவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நீலாம்பாளுக்கு அந்த வாரம்தான் மருந்து எடுத்தார்கள். கமலவேணி தன் வாசலில் படுத்தபடியே அதைப் பார்த்தாள். படுத்துக் கிடப்பவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. குழல் வைப்பதற்கு முன் சாமி மௌனம். கேட்டதற்கெல்லாம் கையால் ஜாடை. உருண்டையைத் துப்பியதும் மடை திறந்த பேச்சு. அதற்கு முன்பு வேறு இரண்டு வீடுகளிலும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். "கொழலுக்கு முன்னால அவரு ஊமை. கொழலுக்கு அப்பறம் வாய் ஓயமாட்டேங்குது. வாயில என்னவோ வெச்சிக்கினு வர்றாரு."

"மந்திரம் மனசுல ஓடிக்கினு இருக்கும். அப்டியெல்லாம் பேசாத. பாவம் வந்து சேரும்."

"சேரட்டும். வேற எதுவும்தான் நம்ம வூட்டுக்கு வர்றதில்லையே."

அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வீட்டில் மிஞ்சியிருந்த பித்தளைக் குண்டானைச் சாமிக்கென்று தேய்த்து வைத்திருந்தான்.

"நான் என்ன தின்னேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அந்த அக்கா குடுத்ததத் தவிர இந்த வயித்துல எதுவும் போகல. அதுல விஷம் இருந்திருந்தா, குடிச்சப்ப எழுந்து ஒக்காந்தேனே, அது எப்படி? நிறுத்தினப்பறம்தான விழுந்தேன்? நாளைக்கு அவரு வரட்டும். நான் சொல்றதுக்கு மட்டும் குறுக்க பேசாதீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராமலிங்கத்தின் வாசலில் தெரு முழுவதும் கூடிவிட்டது. முதலாளி கலியாணசுந்தரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தர்மம் செய்தவர் அதன் பலனை நேரில் பார்க்க வேண்டாமா? அங்கம்மாளையும் நாலு பேர் இழுத்து வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். சாமி வந்தார். மௌனம். கை மட்டும் ஆசீர்வதித்தது.

கமலவேணி சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"மொதலாளி, வெயில்ல வந்து சாமிக்கு நாக்கு வறண்டு போயிருக்கும். உங்க வூட்டுப் பால் ஒரு டம்ளர் குடுக்கச் சொல்லுங்க. குடிச்சுட்டு எடுக்கட்டும். எனக்கும் புண்ணியம்."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. தன் வீட்டுப் பாலைத் தெருவே பார்க்கப்போகிறது. ஆள் ஓடியது, வெள்ளி டம்ளரில் பால் வந்தது. சாமி தலையை ஆட்டினார். விரதம் என்று விரலால் காட்டினார்.

"இன்னா சாமி, காலையிலகூட ரெண்டு சொம்பு குடிச்சீங்களே" என்றார் முதலாளி.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சாமி வானத்தைக் காட்டினார், நெஞ்சைக் காட்டினார், கண்ணை மூடினார்.

"நாலு பேர் முன்னால என் வூட்டுப் பால வேணாங்கறது எனக்கு மரியாதை இல்ல சாமி. குடிங்க."

பால் கொடுக்கும் கையை எந்தச் சாமி பகைத்துக்கொள்ளும்? அவர் டம்ளரை வாங்கி, உதட்டை ஒட்ட வைத்து, பூனைபோல் உறிஞ்சப் பார்த்தார். பால் சூடாக இருந்தது. ஒரு மடக்கு தொண்டையில் மாட்டியது. சாமி இருமினார். டம்ளருக்குள் 'பொளக்' என்று ஏதோ விழுந்தது.

ராமலிங்கம் டம்ளரை வாங்கி, பாலைக் கீழே கொட்டினான். கறுப்பாக, மயிர் சுற்றிய உருண்டை தரையில் உருண்டது. நீலாம்பாள் குனிந்து பார்த்தாள்.

"என் வயித்துல இருந்து எடுத்தாரே, அதே மாதிரி இருக்குது" என்றாள் மெதுவாக.

சாமிக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. கெட்டிக்காரர்தான், சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். "ஐயோ மக்களே, பாலிலே மருந்து கலந்திருக்கிறது. என்னைக் கொல்லப் பார்த்தார்கள்."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "எந்தப் பால்ல?"

சாமி விழித்தார். அவசரத்தில் யார் வீட்டுப் பால் என்பதை மறந்துபோயிருந்தார்.

"என் வூட்டுப் பால்லயா? என் பொண்டாட்டி காய்ச்சின பால்லயா? அடப்பாவி, ஒன் வாயில இருந்து வுழுந்தத நானே பாத்தேனே. தொற வாயை."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கலியாணசுந்தரம் கண்ணால் கண்டதை நம்பினார். பகுத்தறிவு வருவதற்கு நேரமும் காலமும் கிடையாது. பழி தன் வீட்டு வாசலுக்கு வந்தால் போதும். நாலு பேர் சாமியின் தாடையைப் பிடித்துத் திறந்தார்கள். நாக்கெல்லாம் கறுப்பு. அடுத்த வீட்டுக்கு வேண்டிய உருண்டை இடுப்பு முடிச்சில் இருந்தது. புளியும் அடுப்புக்கரியும், தலை வாரி எறிந்த மயிரும்.

"மொதலாளி" என்றாள் கமலவேணி. அவள் குரல் ஓங்கவில்லை, ஓங்கத் தெம்பில்லை. "உங்க பால்ல மருந்துன்னா நம்பமாட்டீங்க. அங்கம்மாக்கா கஞ்சியிலன்னா மட்டும் எப்படி நம்பினீங்க?"

முதலாளி மேல்துண்டைச் சரிசெய்தார். அதற்கு நேரம் பிடித்தது.

"என் வயித்துல ஒண்ணுமில்ல. ஒண்ணும் இல்லாததுதான் நோவு. அத்த எந்தக் கொழலால எடுப்பீங்க?"

சாமியைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அவரவர் பாத்திரத்தை அவரவர் தேடி எடுத்தார்கள். நீலாம்பாள் அங்கம்மாளிடம் போய் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், கிணற்றடிக்கு வரச்சொன்னாள். அங்கம்மாள் அவளைப் பார்க்கவில்லை. நேராகக் கமலவேணியிடம் வந்து உட்கார்ந்தாள்.

"கஞ்சி கொண்டாந்திருப்பேன். நெல்லு குத்தற வேலை போச்சு. வூட்ல நொய்யி இல்லடி" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பழி நீங்கியும் பானை காலியாக இருந்தது.

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நெசவாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராமலிங்கம்தான் வாய் திறந்தான்.

"மருந்து எடுத்தாச்சுங்க மொதலாளி. இப்ப கூலிப் பேச்சு பேசலாங்களா?"

முதலாளி அப்புறம் பார்க்கலாம் என்றார். அவர்கள் அப்புறம் பார்க்கவில்லை. முடிந்த சேலைகளைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் இருந்த நொய்யைத் தெரு முழுக்கப் பங்கு போட்டது. அதில் அங்கம்மாளுக்கும் ஒரு பங்கு. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. கல்யாண வீட்டுக்காரர்கள் சேலைக்கு ஆள்மேல் ஆள் விட்டார்கள். கலியாணசுந்தரத்துக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்தமுறை கையும் மடியிலிருந்து வெளியே வந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. பாதிக்கே தெருவில் இரண்டாவது வேளை அடுப்பு எரிந்தது.

தை பிறந்தபோது கமலவேணி இடுப்பில் குழந்தையோடு கிணற்றடிக்கு நடந்து வந்தாள். நீலாம்பாளுக்கும் கால்வீக்கம் வடிந்திருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. "என்ன இருந்தாலும் அந்தச் சாமி கைராசிக்காரரு. எடுத்தப்பறம்தான எனக்குத் தேறிச்சு" என்று வாளியை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

வயிற்றில் இருப்பதாகச் சொன்ன மருந்தைப் பொய்யென்று காட்ட ஒரு டம்ளர் பால் போதுமாயிருந்தது. தலையில் ஒட்டியிருப்பதை அவரவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு வேறு ஆளும் வரமாட்டான், வந்தால் அவனையும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.