மகாதேவன் கண்டுபிடித்த நான்கு காரணங்கள்

தில்லியில் மே மாதத்து அனல்காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம், கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். இரண்டையும் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிற ஜீவராசி ஒன்று உண்டு. அதற்குக் காரணஞ்சொல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் முனகினால் வரும், மிக்ஸி மூச்சை விட்டால் வரும், டிவியில் கோடு விழுந்தால் நீங்கள் எழுந்து ஆன்டெனாவைத் திருப்புவதற்குள் வந்து நிற்கும். வந்து சரிசெய்யுமா? சேச்சே, அதெல்லாம் மெக்கானிக்குகள் செய்கிற மட்டமான வேலை. இது காரணம் சொல்லும். சொல்லிவிட்டுக் காபி குடிக்கும்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் 2005-ஆம் வருஷத்துக் கிட்வாய் நகருக்கு வாருங்கள். அரசாங்கக் குடியிருப்பு, முதல் மாடி, செக்‌ஷன் ஆபீசர் மகாதேவன். வாசலில் பெல்லை அழுத்தாதீர்கள், அது அடித்து நான்கு வருஷமாகிறது. ஏன் அடிக்கவில்லை என்பதற்குப் பதினோரு காரணங்களை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கீழே நின்று கத்துவார்கள்.

பழுதான யந்திரத்தின் முன்னால் மகாதேவன் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். அதன் தலைமேல் கையை வைத்து, கண்ணை மூடி, "எப்போலேர்ந்து? அதுக்கு முன்னாடி என்ன பண்ணேள்? வேற யாராவது தொட்டாளா?" என்று மூன்று கேள்வி கேட்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஆபீசின் பச்சை நோட் ஷீட்டை எடுத்து, பொருள், பின்னணி, பரிசீலனை என்று வரிசையாக எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட்டுத் தேதியிடுவார். ஒரு இஸ்திரிப்பெட்டிக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த ஊரில் நடக்கும்?

அப்பேர்ப்பட்டவரைக் கீழ்வீட்டு ஜலஜா ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வயது முப்பத்தெட்டு. திருத்த வேண்டிய நோட்டுகளையெல்லாம் திருத்தி முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவாள். சும்மா இல்லை, ஸ்டியரிங், பெடல் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவாள். போன தீபாவளிக்கு மகாதேவன்தான் நேரு பிளேஸுக்குக் கூடவே போய் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட் டெய்லரிடம் அளவு கொடுத்து, மெரூன் வெல்வெட்டில் ஜரிகைக் கரை வைத்து, பெட்டிக்கு உச்சி முதல் பாதம் வரை ஓர் உறையும் தைக்கச் சொன்னார். ஆன் செய்கிற பொத்தானுக்கு மட்டும் காஜா எடுத்து ஒரு துளை. "இது சாதாரண தூசி இல்லை ஜலஜா, ராஜஸ்தான்லேர்ந்து நேரா வர்றது" என்றார். அந்த வீட்டில் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டெலிபோன் எல்லாமே சட்டை போட்டுக்கொண்டு இருக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் வெறும் உடம்போடு நின்றால் நன்றாகவா இருக்கும்?

குளிர்காலம் முழுக்கக் கார் பறந்தது. மே வந்ததும் இரண்டு சுற்று ஒழுங்காக ஓடும், மூன்றாவது சுற்றில் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி படம் படமாக நகரும்.

"மாமா, வர ஞாயித்துக்கிழமை நரேன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிண்டு ஆட்டோல வரான்" என்றாள் ஜலஜா. நரேன் அவள் கணவனின் தம்பி, மயூர் விஹாரில் இருப்பவன். "மன்னி ஸ்டியரிங்கைத் தொட்டா ரோட்ல போறவன் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு ஆறு வருஷமா ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிண்டிருக்கான். நம்ம பிளாக்கே பாக்க வரது. நான் ஜெயிச்சே ஆகணும். உங்களால முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்கோ, நேரு பிளேஸ்லேர்ந்து ஒரு ரிப்பேர் பையாவைக் கூப்பிட்டுக்கறேன்."

பையாவா! மகாதேவனுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகக் கட்டிக் காத்த பெயர். பிளாக்கே பார்க்க, ஒரு கடைப்பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பதா? மேலே வந்தால் மனைவி விசாலாக்ஷி வேறு, "இதுலயும் கோட்டை விட்டேள்னா இனிமே யாராத்துக்கும் போகப்படாது, முதல்ல நம்மாத்து பெல்லைப் பாக்கணும்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

மகாதேவன் களத்தில் இறங்கினார். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து ஒரு புரோகிராமைப் போட்டார். அது திரையின் மூலையில் இரண்டே எண்களைக் காட்டியது: புராசஸரின் வேகம், புராசஸரின் சூடு. பந்தயம் தொடங்கும்போது வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ். மூன்றாவது சுற்றில் சரிபாதி. சூடு எண்பத்தொன்று.

"பிடிச்சுட்டேன்!" என்றார். "வேகத்தைத் தானே குறைச்சுக்கறது. அப்படின்னா அதுக்குக் கரண்ட் போறலை."

"மாமா, எண்பத்தோரு டிகிரி காட்றதே?"

"அதை விடு. வெளில நாப்பத்தஞ்சு அடிக்கறது. தில்லில யாருக்குதான் சூடு இல்லை?"

முதல் காரணம், வோல்டேஜ். ஜலஜா வீட்டு ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினார். ஃப்ரிட்ஜ் நின்றது, பால் திரிந்தது, வேகம் அப்படியே பாதி. இரண்டாவது காரணம், கன்ட்ரோல் பேனலில் மின்சார சிக்கனம். அதை மாற்றியதில் திரை அணைவது நின்றது, வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றாவது, பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளைக்குச் சக்தி போதாது. ஒவ்வொரு பாகத்தின் வாட்ஸையும் நோட் ஷீட்டில் எழுதிக் கூட்டினார், அது தாராளமாகப் போதும் என்று விடை வந்தது. மனிதர் அசருவாரா? விடைதான் தப்பு என்று அடித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் உறையின் காஜாத் துளைக்குள் விரலை விட்டுப் பொத்தானை அழுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அவரேதான்.

சனிக்கிழமை நான்காவது காரணம் உதித்தது. மின்சாரப் பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு இத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டார். ஆஹா! கவர்மென்டே எழுத்துமூலம் வரம்பு விதித்திருக்கும்போது பாவம், புராசஸர் என்ன செய்யும்? அது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது! உடனே சுற்றறிக்கை எழுதி, பிளாக்கில் ஆறு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார்: ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை யாரும் கூலர் போடக் கூடாது.

ஞாயிறு ஐந்து மணி. ஆறு வீட்டு ஜனமும் ஜலஜாவின் ஒரே அறையில். கூலர் இல்லை. வியர்வையில் குளித்தபடி நரேன் தன் கம்ப்யூட்டரை வயரால் இணைத்தான். பத்துச் சுற்றுப் பந்தயம். ஒன்று, இரண்டு என்று ஜலஜா முன்னால் போனாள். மூன்றாவதில் படம் படமாக நகர ஆரம்பித்தது. நரேனின் கார் சர்ரென்று தாண்டியது.

"என்ன மன்னி, இன்ஷூரன்ஸ் இருக்கோல்லியோ?"

"மாமா!" என்று ஜலஜா அலறினாள். மகாதேவனுக்கு ஐந்தாவது காரணம் ஒன்று வேண்டும், உடனே வேண்டும். மூளையைக் கசக்கினார், வியர்வைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்திருந்த விசாலாக்ஷிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. புடவைத் தலைப்பு நனைந்து பிழிகிற நிலை. கைக்கு அகப்பட்ட துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மெரூன் வெல்வெட், ஜரிகைக் கரை. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, "அடேயப்பா, அடுப்பு மாதிரின்னா கொதிக்கறது இந்தத் துணி!" என்றாள்.

திரையின் மூலையில் சூட்டின் எண் இறங்க ஆரம்பித்தது. எண்பது, எழுபத்தாறு, எழுபது. வேகம் துள்ளி மூன்றுக்குப் போய் நின்றது. ஜலஜா பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள். எட்டாவது சுற்றில் நரேனின் பின்னால் வந்தாள், ஒன்பதில் ஒட்டிக்கொண்டாள், பத்தாவதின் கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து ஒரு பம்பர் நீளத்தில் ஜெயித்தாள். ஆறு வீடும் எழுந்து குதித்தது. ஜலஜா ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆரவாரம் அடங்கியதும் எல்லார் கண்ணும் விசாலாக்ஷியின் கையிலிருந்த உறைக்குப் போயிற்று. அங்கிருந்து, அதைத் தைக்கச் சொன்னவருக்குப் போயிற்று. மகாதேவனின் காது மடல் ஜிவ்வென்று சிவந்தது. 'நான்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் தோற்ற நரேன் அதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பிரமாதம்! கூலரை நிறுத்தி, மாமிக்கு வேர்க்க வெச்சு... இதெல்லாம் முன்னாடியே பிளான் பண்ணதா? எங்காத்துல என் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை வந்து பாக்கணும்."

மகாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நோட் ஷீட்டை எடுத்தார். "எப்போலேர்ந்து?" என்றார்.

விசாலாக்ஷி எழுந்து வந்தாள். அவர் தலைமேல் வெல்வெட் உறையை அழகாக மாட்டினாள். கச்சிதமாகத் தோள்வரை இறங்கியது. "உள்ளே கொஞ்ச நேரம் இருங்கோ, காரணம் தானா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கூலரைப் போட்டாள். காஜாத் துளை வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? உறையைத் தைத்த இடத்திலேயே, 'அட அசடே, அதுதான் காரணம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தீர்களோ? தில்லியையோ, ஜலஜாவையோ, அந்தப் பெட்டியையோ பார்த்ததுகூட இல்லை, தலைமேல் கை வைக்கவில்லை, மூன்று கேள்விகூடக் கேட்கவில்லை, காரணம் மட்டும் சொல்லிவிட்டீர்கள். மகாதேவனாவது படியிறங்கிப் போனார்.

போகட்டும். உங்கள் வீட்டு பெல் அடிக்கிறதா என்று கொஞ்சம் எழுந்து பார்த்துவிட்டு வாருங்கள்.